அக்கா காருக்கு நான் தேர்ந்தெடுத்த வால்வு

என் அக்காவைப் பற்றி யார் கேட்டாலும் முதலில் அவள் காரை நிறுத்துகிற விதத்தைத்தான் சொல்வேன். எந்த வீட்டு வாசலாக இருந்தாலும் காரின் மூக்கு தெருவைப் பார்க்கத்தான் நிற்கும். இடம் இடுக்காக இருக்கட்டும், பின்னால் எவனாவது ஹாரன் அடிக்கட்டும், இரண்டு தடவை முன்னே பின்னே போய்த் திருப்பி நிறுத்திவிட்டுத்தான் இறங்குவாள். கேட்டால், "உள்ள என்ன நெலமைன்னு தெரியாது. அவசரத்துல வெளிய வர்றப்ப திருப்பிக்கிட்டா நிக்க முடியும்?" என்பாள். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் அவள். புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, ஊசி போடுவது, பிரஷர் பார்ப்பது, எழுந்திருக்க முடியாதவர்களைப் புரட்டிப் படுக்க வைப்பது. இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. இந்தக் கதை நடக்கிற வரைக்கும் அவள் ஓட்டிய எந்தக் காரிலும் ஒரு உரசல்கூடக் கிடையாது.

காரின் பின் சீட்டில் இரண்டு பைகள், ஒரு ஜோடி மாற்றுச் செருப்பு, கையுறைப் பெட்டி. பக்கத்து சீட்டில் ஒரு நீள நோட்டு. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பக்கம். தேதி, நேரம், பிரஷர் எவ்வளவு. அழைப்பு மணியை அழுத்துவதற்கு முன்னால் இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்வாள். சில்லிட்ட கையோடு யாரையும் தொடக் கூடாதாம். அவள் போகிற வீடுகளின் பட்டியலை 'ரவுண்டு' என்பாள். "என் ரவுண்டு", "என் ரவுண்டுல இருக்கற தாத்தா" என்று, ஏதோ சொந்த நிலத்தைச் சொல்கிற மாதிரி சொல்வாள். மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், அதைக் கேட்டு, "ரவுண்டு முடிஞ்சு மகாராணி எப்ப அரண்மனைக்கு வருவாங்க?" என்று கேலி செய்வார். அவளுக்கு அந்தக் கேலி பிடிக்கும்.

எங்கள் குடும்பத்தில் முதலில் கார் ஓட்டக் கற்றவள் அவள்தான். எனக்குப் பதினெட்டு வயதானபோது எனக்குக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன், பிறகு சொல்ல வாய் வராது.

நான் மெக்கானிக். என்னை எல்லோரும் 'காது' என்பார்கள். அந்தப் பெயரும் அக்கா வைத்ததுதான். சின்ன வயதில் மாடியில் படுத்துக்கொண்டே தெருவில் போவது யாருடைய வண்டி என்று சொல்லிவிடுவேன். அவள் தன் தோழிகளையெல்லாம் கூட்டிவந்து, "எங்க வீட்டுக் காதைப் பாருங்கடி" என்று காட்டுவாள். அது வளர்ந்து தொழிலாகிவிட்டது. பானெட்டைத் தூக்குவேன், கண்ணை மூடிக்கொள்வேன், எது கோளாறு என்று சொல்வேன். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். அந்த ஒன்பது ஒருவனுக்கு என்னென்ன கெடுதல் செய்யும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. மண்டைக்கனம் என்றால் சாதாரண மண்டைக்கனம் இல்லை. இன்ஜின் காற்றை உறிஞ்சுகிற அளவைக் காட்டும் வேக்குவம் கேஜ் ஒன்று சுவரில் மாட்டியிருந்தது; அதன் கண்ணாடியில் படிந்திருந்த தூசியைப் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்த ஆள் நான்.

அக்காவின் ரவுண்டில் பாதி வீடுகள் மேட்டுப் பகுதியில். சாலை வளைந்து வளைந்து ஏறும். அவளுக்காக ஒரு சின்ன கார் பார்த்துக் கொடுத்தேன், பழையதுதான், ஆனால் சூப்பர்சார்ஜர் வைத்தது. இன்ஜினோடு பெல்ட் போட்டுச் சுற்றுகிற ஒரு காற்றுப் பம்பு, அவ்வளவுதான். இன்ஜின் தானாக இழுக்கிற காற்று போதாமல் இது கூடுதலாகத் திணிக்கும். சின்ன இன்ஜின் பெரிய இன்ஜின் மாதிரி மேடு ஏறும். ஆனால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இன்ஜினின் வாய் மூடிக்கொள்ளும். பம்போ நிற்காமல் திணித்துக்கொண்டே இருக்கும். அந்தக் காற்று போக ஒரு வழி வேண்டும். அதற்குத்தான் அழுத்தத்தை விடுவிக்கும் வால்வு. காலை எடுத்த நொடியில் திறந்து, அதிகக் காற்றை விட்டுவிடும்.

ஒரு நாள் காலையில் அக்காவின் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். மேட்டில் 'டப்' என்று ஒரு சத்தம், பிறகு வண்டி இழுக்கவில்லை என்றாள். திறந்து பார்த்தால் காற்றுக் குழாய் கழன்று தொங்கியது. பழைய வால்வுக்குள் ரப்பர் கிழிந்து போயிருந்தது. அது திறக்காததால் காற்று குழாயைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. வால்வு மாற்ற வேண்டும். ஒரு மணி நேர வேலை.

என் மேஜையில் அப்போது இரண்டு வால்வுகள் இருந்தன. ஒன்று கறுப்பு பிளாஸ்டிக், பார்க்க மூக்கடைத்த மாதிரி இருக்கும். விடுகிற காற்றை வெளியே விடாது, இன்னொரு குழாய் வழியாகப் பம்பின் முன்பக்கத்துக்கே திருப்பி அனுப்பும். சத்தமே வராது. இன்னொன்று பளபளவென்று அலுமினியம். காற்றை நேரே வெளியே துப்பும். காலை எடுக்கும்போதெல்லாம் 'புஸ்ஸ்' என்று ஒரு பெருமூச்சு. டர்போ என்கிற வேறு வகைக் காற்றுப் பம்பு வைத்த கார்களுக்கு அதைப் போடச் சொல்லிப் பையன்கள் வரிசையில் நிற்பார்கள். அந்தச் சத்தம் தெரு முனையில் கேட்டாலே, "காது கை வெச்ச வண்டி" என்று சொல்வார்கள்.

இரண்டின் ஸ்பிரிங்கையும் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தேன். கறுப்பு தொளதொளவென்று இருந்தது. அலுமினியம் விறைப்பாக நின்றது. கேஜை மாட்டி, இன்ஜின் சும்மா ஓடும்போது எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்து, அந்த அளவுக்கு எந்த ஸ்பிரிங் திறக்குமோ அதைத்தான் போட வேண்டும். வால்வு வந்த பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளில் அது அச்சடித்திருந்தது. நான் தாளைப் பிரிக்கவில்லை. உண்மையைச் சொல்வதானால், எனக்கு அந்தச் சத்தம் வேண்டியிருந்தது. என் அக்கா கார் தெருவில் போனால் நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும். அலுமினியத்தைப் போட்டேன். பட்டறையில் முறுக்கிப் பார்த்தேன், தெரு முனை வரை ஓட்டிப் பார்த்தேன். புஸ்ஸ் என்று அருமையாக வந்தது.

"என்னடா இது, வண்டிக்குச் சளி பிடிச்சிருச்சா?" என்றாள் அக்கா.

"அது ஸ்டைல்க்கா."

"எனக்கு எதுக்குடா ஸ்டைலு. நோயாளிங்க தூங்கிக்கிட்டிருப்பாங்க."

சிரித்துவிட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

மூன்றாவது நாள் போன் வந்தது. மேட்டு வளைவில் காலை எடுத்து கிளட்ச் மிதித்ததும் வண்டி அணைந்துவிட்டது, ஸ்டியரிங் கல் மாதிரி ஆகிவிட்டது என்றாள். வரச் சொன்னேன். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து நானே அதே வளைவுக்கு ஓட்டிப் போனேன். அணையவில்லை. ஐந்து தடவை போனேன், ஒரு தடவையும் அணையவில்லை. "பாத்தியா, வண்டில ஒன்னும் இல்ல" என்றேன்.

என்னைப் போன்றவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கோளாறு வண்டிகளையே ஓட்டி ஓட்டி, வலது கால் ஆக்ஸிலரேட்டரை விட்டு முழுதாக வரவே வராது. கிளட்ச் மிதிக்கும்போதும் பெருவிரல் லேசாக அழுத்திக்கொண்டே இருக்கும், இன்ஜின் அணைந்துவிடக் கூடாதே என்று. எங்களுக்கே தெரியாமல் நடக்கிற விஷயம் அது. அக்கா அப்படி இல்லை. காலை எடுத்தால் எடுத்ததுதான். ஒழுங்காக ஓட்டுகிறவர்கள் அப்படித்தான் ஓட்டுவார்கள்.

மறுபடி அணைந்தது. மறுபடி போன். மூன்று வாரத்தில் ஏழு தடவை. ஒவ்வொரு தடவையும் நான் ஓட்டிப் பார்ப்பேன், ஒன்றும் இருக்காது. ஏழாவது தடவை பட்டறையில் நாலு பேர் இருக்கும்போது வந்தாள். எனக்கு எரிச்சல். "அக்கா, வண்டி நல்லா இருக்கு. ஓட்றதுலதான் கோளாறு. காலை வெடுக்குன்னு எடுக்கற. வயசாகுதுல்ல, கை ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் போகுது" என்றேன். நாலு பேரில் ஒருவர் சிரித்தார். அக்கா முகத்தில் ஈயாடவில்லை. அவளுக்கு அப்போது ஐம்பத்து நான்கு.

"அப்ப என்னடா பண்ணணும்?" என்று கேட்டாள், சின்னக் குரலில். அவள் என்னிடம் அப்படிக் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

"காலை முழுசா எடுக்காத. லேசா அழுத்திக்கிட்டே இரு."

பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரித் தலையாட்டினாள். நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் அதை எழுதிக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை, மேட்டில் அவள் ரவுண்டில் இருக்கிற ஒரு தாத்தா வீட்டு வாசலில், வழக்கம்போல மூக்கைத் தெருப் பக்கம் திருப்பி நிறுத்தப் போனாள். நான் சொன்னபடி காலை முழுதாக எடுக்கவில்லை. கிளட்சை விட்டதும் வண்டி துள்ளிப் போய் கேட் தூணில் முட்டியது. யாருக்கும் அடி இல்லை. தூணில் இருந்த தபால் பெட்டி கீழே விழுந்து நசுங்கியது. தாத்தாவின் மருமகள் வெளியே ஓடிவந்து, "நீங்களா?" என்று கேட்டாளாம். அந்த 'நீங்களா'வைத்தான் அக்கா மாமாவிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள். பிறகு உள்ளே போய், அந்தத் தாத்தாவுக்குக் கட்டு மாற்றிவிட்டுத்தான் வந்திருக்கிறாள்.

பம்பரைச் சரி செய்ய கார் என்னிடம் வந்தது. திங்கட்கிழமை அதைக் கழற்றும்போது ஜாக்கி நழுவி என் வலது கால் பெருவிரலில் விழுந்தது. அன்று சாயங்காலம் அக்காதான் கட்டுப் போட்டாள். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு என் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "ரெண்டு நாளைக்கு இந்த விரலை ஊனாத" என்றாள். காரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் பம்பர் வேலை முடிந்தது. ஓட்டிப் பார்க்க மேட்டுக்குப் போனேன். விரல் கட்டோடு இருந்ததால் ஆக்ஸிலரேட்டரில் காலை வைத்துக்கொண்டே இருக்க முடியவில்லை, வலியில் உயிர் போனது. வளைவு வந்தது. காலை முழுதாக எடுத்தேன், கிளட்ச் மிதித்தேன். புஸ்ஸ் என்றது. ஒரு குலுக்கு. டேஷ்போர்டில் எல்லா விளக்கும் எரிந்தது. ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. பிரேக் இரண்டாவது மிதியில் கட்டை மாதிரி ஆகிவிட்டது. எதிரே தண்ணீர் லாரி ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கி ஓரத்தில் மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினேன். லாரிக்காரர் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு போனார். சட்டை முழுக்க வியர்வையில் நனைந்துவிட்டது. இதைத்தான் அக்கா ஏழு தடவை தனியாகச் சமாளித்திருக்கிறாள்.

பட்டறைக்கு வந்து அலுமினிய வால்வின் பெட்டியைத் தேடி எடுத்து அந்தத் தாளைப் பிரித்தேன். இரண்டாவது வரியிலேயே இருந்தது. பம்புக்கு முன்னால் காற்றை அளக்கும் சென்சார் உள்ள வண்டிகளுக்கு இதைப் போடக் கூடாது. காற்றைத் திருப்பி அனுப்பும் வகைதான் போட வேண்டும். அக்காவின் காரில் சென்சார் முன்னால்தான் இருக்கிறது. உள்ளே வந்த காற்றுக்கெல்லாம் கணக்குப் பார்த்து அது பெட்ரோலை ஊற்றச் சொல்லிவிடுகிறது. என் ஸ்டைல் வால்வு அந்தக் காற்றை வெளியே துப்பிவிடுகிறது. காற்று போன பிறகும் பெட்ரோல் வந்துகொண்டே இருந்தால் இன்ஜின் மூச்சு முட்டி அணையாமல் என்ன செய்யும்?

கேஜைச் சுவரிலிருந்து எடுத்துத் தூசியைத் துடைத்து மாட்டினேன். முள் பதினாறில் நின்றது. இரண்டு வால்வின் தாளிலும் இருந்த பட்டியலைப் பார்த்தேன். பதினாறுக்கு அலுமினியத்தின் ஸ்பிரிங் அரைகுறையாகத்தான் திறக்கும். தொளதொளவென்று நான் ஒதுக்கிய கறுப்பு வால்வின் ஸ்பிரிங் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அந்த எண்ணுக்குப் பொருந்தியது. அதைப் போட்டேன். மறுபடி மேட்டுக்குப் போனேன். வலிக்க வலிக்கக் காலை வெடுக்கென்று எடுத்தேன், இருபது தடவை. ஒரு தடவைகூட அணையவில்லை. சத்தமும் இல்லை.

அன்று சாயங்காலமே சொல்லிவிடுவது என்றுதான் அக்கா வீட்டுக்குப் போனேன். இதைச் சத்தியமாகச் சொல்வேன். அவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். மாமா எதிரே கவலையாக உட்கார்ந்திருந்தார்.

"வாடா. நல்ல நேரத்துல வந்த" என்றாள். "ஆபீசுக்கு லெட்டர் எழுதறேன். எனக்கு இனிமே வண்டி ஓட்ற வேலை வேணாம், உள்ளயே ஏதாவது குடுங்கன்னு. இந்த எடத்துல 'தளர்ச்சி'ன்னு போடறதா, 'சிரமம்'னு போடறதா?"

மாமா என்னைப் பார்த்து, "நான்கூட வண்டிலதான் ஏதோன்னு நெனச்சேன்பா. ஆனா நீ இத்தனை தடவை பாத்துட்டு சொல்றப்ப அப்புறம் என்ன இருக்கு. உன் காது தப்பாதுல்ல" என்றார். குத்திக் காட்டவில்லை, உண்மையாகவே சொன்னார்.

அந்த நொடியில் வாயைத் திறந்திருந்தால் போதும். மூன்றே வார்த்தை: அக்கா, தப்பு என்னுது. பட்டறையில் சிரித்தவர் நினைவுக்கு வந்தார். தெரு முனையில் நிற்கிற பையன்கள் நினைவுக்கு வந்தார்கள். காது என்ற பெயர் நினைவுக்கு வந்தது. என் அக்காவைத் தவிர எல்லோரும் நினைவுக்கு வந்தார்கள்.

"சிரமம்னே போடுக்கா" என்றேன்.

எழுதினாள். நான் அவசரமாக, "இப்ப குடுக்க வேணாம். ஒரு வாரம் பொறு, நான் பக்கத்துல உக்காந்து பழக்கி விடறேன்" என்றேன். வால்வைத்தான் மாற்றிவிட்டேனே, ஓட்டினால் அவளுக்கே நம்பிக்கை வந்துவிடும், கடிதத்தை அவளே கிழித்துப் போட்டுவிடுவாள், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. இதுதான் என் கணக்கு.

"பழகறது பழகலாம்டா. அது வரைக்கும் யாரையாவது இடிச்சுட்டா? தபால் பெட்டியோட போச்சு. அங்க ஒரு கொழந்தை நின்னிருந்தா?" என்றாள். புதன்கிழமை காலையில் கடிதத்தைக் கொடுத்துவிட்டாள்.

வியாழக்கிழமையிலிருந்து தினமும் காலையில் பழக்கினேன். பழக்கினேன் என்று எழுதவே கை கூசுகிறது. எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "இப்ப கிளட்ச்", "இப்ப காலை எடு", "பயப்படாத" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கார் அணையவில்லை. எப்படி அணையும்? மூன்றாம் நாள் அவள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"நீ இல்லன்னா நான் அவ்வளவுதான்டா" என்றாள்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் அதை அடக்கம் என்று நினைத்திருப்பாள்.

தனியாக ஓட்டச் சொன்னால் மாட்டேன் என்றாள். "நீ பக்கத்துல இருந்தா வருது. நீ இல்லன்னா கால் எங்க இருக்குன்னே தெரியல." தெருக் கோடிக்குக் கூட என்னைக் கூப்பிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்களிடமெல்லாம் தம்பி பழக்கிவிடுகிறான் என்று சொல்லியிருந்தாள். ஒரு அம்மா என்னை நிறுத்தி, "உங்கள மாதிரி ஒரு தம்பி கெடைக்கணுமே" என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆபீசில் கடிதத்தைப் பார்த்த கையோடு மேட்டுப் பகுதி ரவுண்டை வேறொரு நர்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். மீதி ரவுண்டாவது இருக்குமா இருக்காதா என்பது வண்டிப் பிரிவு அதிகாரி கையில். அவர் ஒரு நாள் காலையில் வந்து அவளோடு காரில் போய்ப் பார்ப்பார், பார்த்துவிட்டு எழுதுவார்.

அந்த நாளும் வந்தது. ஆபீஸ் வாசலில் கார். மூக்கு தெருவைப் பார்த்து. அக்கா ஸ்டியரிங்கில், நான் பக்கத்து சீட்டில். அதிகாரி உள்ளே ஏதோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் வந்ததும் நான் பின் சீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. தம்பி கூட இருக்கலாமா என்று அக்கா முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கியிருந்தாள். உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"டேய், அவர் முன்னாடி நீ வாயால சொல்ல முடியாது. கிளட்ச் மிதிக்கணும்னா லேசா இருமு. என்ன? காலை எடுக்கணும்னா ரெண்டு தடவை."

இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவள். என் இருமலுக்குக் காத்திருக்கத் தயாராகிவிட்டாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. தைரியம் வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். சொல்வதைவிடச் சொல்லாமல் இருப்பது அதிக வெட்கமாகிவிட்டது, அவ்வளவுதான்.

"அக்கா, உன் தப்பு எதுவுமே இல்ல" என்றேன். "நான் தப்பான வால்வைப் போட்டேன். அதான் அணைஞ்சுது. எனக்கு அணையாததுக்குக் காரணம் என் கால் பழக்கம். தூண்ல முட்டினதும் நான் சொல்லிக் குடுத்ததாலதான். இப்ப சரியான வால்வைப் போட்டுட்டேன். நான் ஒன்னும் பழக்கல. உனக்குப் பழக்கறதுக்கு ஒன்னுமே இல்ல."

அவள் முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கை ஸ்டியரிங்கை விடவில்லை.

"எப்ப மாத்தின?"

"செவ்வாய்க்கெழம."

"எந்த செவ்வாய்க்கெழம?"

நான் குனிந்து என் விரல் கட்டைப் பார்த்தேன். அவளே கணக்குப் போட்டுக்கொண்டாள். முகத்தில் அது ஏறுவதைப் பார்த்தேன்.

"அன்னிக்கு சாயங்காலம் வீட்டுக்கு வந்தியே" என்றாள்.

"ஆமா."

"சிரமம்னு போடச் சொன்னியே."

"ஆமாக்கா."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருந்தால்கூடக் கன்னத்தைக் காட்டியிருப்பேன். அதிகாரி படியில் இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"நான் அவர்கிட்ட சொல்லிடறேன்" என்றேன்.

"இப்ப வேணாம். அவர் என் காலைப் பாக்க வந்திருக்காரு" என்றாள் அக்கா. "எறங்கு."

"அக்கா, தனியா..."

"எறங்குடா."

இறங்கினேன். அதிகாரி ஏறினார். என்னைக் காட்டி ஏதோ கேட்டார். தம்பி வரவில்லையா என்று கேட்டிருப்பார். அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். கார் கிளம்பியது. நேரே மேட்டுச் சாலையில் திரும்பியது. காது என்று பெயர் வாங்கியவன் அந்தச் சாலையின் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் வளைவில் காலை எடுத்தாள், கியர் மாற்றினாள், மறுபடி இழுத்தாள். இரண்டாவது வளைவிலும் அப்படியே. அணையவில்லை, திணறவில்லை. கொஞ்ச நேரத்தில் சத்தம் மறைந்துபோனது. நான் கட்டுப் போட்ட காலோடு நின்றுகொண்டே இருந்தேன், உட்காரத் தோன்றவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பினார்கள். அதே இடத்தில், முன்னே பின்னே போய், மூக்கு வெளியே பார்க்க நிறுத்தினாள். அதிகாரி இறங்கிச் சிரித்துக்கொண்டே கை கொடுத்துவிட்டுப் போனார். அக்கா ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

"ஓட்ட முடியாதுன்னு நான் கையெழுத்துப் போட்ட காகிதம் கோப்புல இருக்கு. அது பக்கத்துல உன் கையெழுத்து போட்ட காகிதம் ஒன்னு இருக்கணும். எழுதிக் குடு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் ஏறுவதற்காகக் கதவைத் திறக்கவில்லை. நடந்து வந்தேன்.

மறுநாள் எழுதிக் கொண்டுபோனேன். நாலு வரி. அதிகாரி இரண்டு தடவை படித்தார். "தெரிஞ்ச அன்னிக்கே ஏன் சொல்லல?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "வெக்கமா இருந்துச்சு" என்றேன். "இப்ப?" என்றார். கடிதத்தைக் கோப்பில் வைத்தார். அக்காவுக்குக் கீழ்ப் பகுதி ரவுண்டு கிடைத்தது. மேட்டுப் பகுதி கிடைக்கவில்லை. புது நர்ஸ் பொறுப்பேற்றுவிட்டாள், நடுவில் மாற்ற முடியாது என்றார்கள். அந்தத் தாத்தா, 'என் நர்ஸ் எங்கே' என்று கேட்டுக்கொண்டே இருந்ததாக மாமா சொன்னார். சில மாதங்களுக்குள் அவர் போய்விட்டார். அவருக்குக் கடைசியாகக் கட்டு மாற்றியது அக்கா இல்லை.

பட்டறையில் அன்று சிரித்தவரிடமும் சொன்னேன். அவர் இதற்கும் சிரித்தார். அலுமினிய வால்வை இப்போதும் வைத்திருக்கிறேன், விற்கவில்லை. கேஜில் தூசி இல்லை.

அக்கா என்னோடு பேசாமல் இருக்கவில்லை. அது அவள் குணம் இல்லை. நல்லது கெட்டதுக்குக் கூப்பிடுவாள், கால் எப்படி இருக்கிறது என்று கேட்பாள். மாமாதான் கொஞ்ச நாள் முகம் கொடுக்கவில்லை. ஆனால் அவள் என்னைக் 'காது' என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். சொல்லி நிறுத்தவில்லை. வாயில் வரவில்லை, அவ்வளவுதான்.

ஆறு மாதம் கழித்து கார் சர்வீஸுக்கு வந்தது. வேறு பட்டறைக்குப் போயிருப்பாள் என்று நினைத்திருந்தேன். என்னிடமே கொண்டுவந்தாள். முன்பெல்லாம் சாவியைக் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்து டீ குடிப்பாள். இந்தத் தடவை பானெட் பக்கத்திலேயே நீள நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். நான் எண்ணெய் மாற்றினேன், பெல்ட்டைப் பார்த்தேன், இன்ஜினை ஓடவிட்டேன். பழக்க தோஷம், கண்ணை மூடி இரண்டு நொடி கேட்டேன்.

"நல்லா இருக்குக்கா" என்றேன்.

"கையால தொட்டு பிரஷர் சொல்ற நர்ஸை யாராவது வீட்டுக்குள்ள விடுவாங்களா?" என்றாள். "முள்ளைக் காட்டு."

சுவரிலிருந்து கேஜை எடுத்து மாட்டினேன். கண்ணாடி அவள் பக்கம் இருக்கும்படி திருப்பிப் பிடித்தேன். அவள் குனிந்து, தன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, முள் நடுங்கி நிற்கிற வரை காத்திருந்தாள். நோட்டில் எனக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தாள். மேலே 'தம்பி பட்டறை' என்று எழுதியிருந்தது. அதன் கீழே தேதி போட்டாள், நேரம் போட்டாள், பதினாறு என்று எழுதினாள். பிறகு பேனாவை என்னிடம் நீட்டினாள். நான் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.